பக்கத்து நிலத்தில் ஆர்வி பார்க் வருகிறதா? டெக்சாஸுக்குப் புதிதாய்க் குடிவந்தவர்கள் செய்ய வேண்டியவை

டெக்சாஸில் ஆஸ்டின், டல்லாஸ் மாதிரிப் பெருநகரங்களைத் தாண்டியிருக்கும் சின்ன நகரங்களில் வீடு வாங்கிக் குடிபோகும் தமிழர்கள் நிறையப் பேர். குடிபோன கொஞ்ச நாளில் சிட்டியிடமிருந்து ஒரு கடிதம் வரலாம்: உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேய்ச்சல் நிலத்தில் ஆர்வி பார்க் அமைக்க ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார், இன்ன தேதியில் கருத்துக்கேட்புக் கூட்டம், விருப்பமுள்ளவர்கள் வந்து பேசலாம். பலர் அதை விளம்பரத் தபாலோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். மற்றவர்கள் அதைப் படமெடுத்துத் தெரு வாட்ஸ்ஆப் குழுவில் போட்டு இரண்டு நாள் கொதித்துவிட்டு மறந்துபோகிறார்கள். அந்தக் கடிதத்தை வைத்து நிறையச் செய்யலாம், ஆனால் தேதி தவறாமல், சரியான இடத்தில், சரியான கேள்வியோடு போக வேண்டும்.

முதலில் ஒரு தயக்கத்தைப் போக்கிவிடுகிறேன். "நான் ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறேன், எனக்கு ஓட்டே கிடையாது, நான் போய் என்ன பேசுவது" என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஓட்டுரிமை வேறு, பேசும் உரிமை வேறு. டெக்சாஸ் திறந்த கூட்டச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த ஒரு பிரிவின்படி, அஜெண்டாவில் இருக்கும் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச விரும்பும் பொதுமக்கள் ஒவ்வொருவரையும், கவுன்சில் அதை எடுக்கும் முன்போ எடுத்துக்கொண்டிருக்கும்போதோ பேசவிட வேண்டும். குடியுரிமை இருக்கிறதா என்று அதில் நிபந்தனை இல்லை. அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது: ஆங்கிலம் பேசாத ஒருவர் மொழிபெயர்ப்பாளர் துணையோடு பேசினால், மற்றவர்களுக்குக் கொடுப்பதைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் (பேசும்போதே உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவியைக் கவுன்சில் பயன்படுத்தினால் மட்டும் விலக்கு). ஊரிலிருந்து வந்து உங்களோடு தங்கியிருக்கும் அப்பா தமிழில் பேச ஆசைப்பட்டால் கூட்டிக்கொண்டு போங்கள்.

சரி, ஆர்வி பார்க் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: சக்கரம் வைத்த வீட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி, தண்ணீர், மின்சாரம், கழிவுநீர்க் குழாய் மூன்றையும் இணைத்துக்கொண்டு தங்குகிற இடம். விடுமுறைக்கு வருகிறவர்கள் மட்டும் இங்கே தங்குவதில்லை. மிட்லண்ட், ஒடெஸா பக்கம் எண்ணெய் வயல் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் இப்படித்தான் இருக்கிறார்கள். தெற்கே ரியோ கிராண்டே பள்ளத்தாக்குக்குக் குளிர்காலத்தைக் கழிக்க வடக்கிலிருந்து வயதானவர்கள் வருகிறார்கள், அவர்களுக்கு 'வின்டர் டெக்சன்' என்றே பெயர். ஊர் ஊராகப் போய் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் நர்ஸுகள், அபார்ட்மென்ட் வாடகை கட்ட முடியாத குடும்பங்கள், இப்படிப் பலர். உங்கள் வீட்டுக்கு ஒயரிங் செய்த எலெக்ட்ரீஷியனே அப்படியொரு இடத்தில் இருக்கலாம். இதை ஏன் இங்கேயே சொல்கிறேன் என்றால், இந்தக் கூட்டங்களில் மைக் முன்னால் நின்று "அந்த மாதிரி ஆட்கள் வந்துவிடுவார்கள்" என்று பேசுகிறவர்கள் உண்டு. அப்படிப் பேசாதீர்கள். அது மற்றவர்களைப் புண்படுத்தும் பேச்சு. அதோடு, நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது என்று முடிவு செய்யும் கவுன்சிலால் அதைக் காரணமாக எழுதி வைக்கவும் முடியாது, உங்களுக்குப் பேசக் கிடைக்கும் மூன்று நிமிடம் வீணாகும். நம்மையே சிலர் "அந்த மாதிரி ஆட்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் நாடு இது.

இப்போது வேலைக்கு வருவோம்.

நிலம் யார் எல்லைக்குள் இருக்கிறது?

கடிதத்தில் இருக்கும் முகவரியை அல்லது மனை எண்ணை எடுத்து, கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட், அதாவது வரிக்காகச் சொத்தை மதிப்பிடும் அலுவலகத்தின் இணைய வரைபடத்தில் தேடுங்கள். நிலம் நகர எல்லைக்குள்ளா, எல்லைக்கு வெளியே இருக்கும் 'இடிஜே' வளையத்துக்குள்ளா, அதற்கும் அப்பாலா? எல்லாமே இதைப் பொறுத்தது. நகர எல்லைக்குள் ஸோனிங் உண்டு, அதாவது இந்த இடத்தில் இன்னதுதான் வரலாம் என்று சொல்லும் அதிகாரம். இடிஜே என்பது நகரின் மக்கள்தொகையைப் பொறுத்து அரை மைலிலிருந்து ஐந்து மைல் வரை நீளும் சுற்றுவட்டம், அங்கே நிலத்தைப் பிரிக்கும் விதிகள் நகராட்சிக்கு உண்டு, ஆனால் எதற்குப் பயன்படுத்தலாம் என்று கட்டளையிட முடியாது. 2023-இல் வந்த சட்டம் ஒன்று, நில உரிமையாளர் மனு கொடுத்து இடிஜேயிலிருந்தே வெளியேற வழி செய்துவிட்டது. அதற்கும் வெளியே என்றால் கவுண்டி மட்டும்தான், டெக்சாஸ் கவுண்டிகளுக்குப் பொதுவான ஸோனிங் அதிகாரம் கிடையாது. அங்கே நீங்கள் போக வேண்டிய இடம் சிட்டி கவுன்சில் அல்ல, கவுண்டி ஜட்ஜும் நான்கு கமிஷனர்களும் உட்காரும் கமிஷனர்ஸ் கோர்ட். பெயரைப் பார்த்து நீதிமன்றம் என்று பயந்துவிடாதீர்கள், அது நிர்வாகக் குழுதான். அங்கே பேச வேண்டியது செப்டிக், வெள்ளம், சாலை இந்த மூன்றும்தான். "இங்கே ஆர்வி பார்க் கூடாது" என்று கவுண்டியிடம் கேட்பது, இல்லாத அதிகாரத்தைக் கேட்பது.

சிட்டி 'முடியாது' என்று சொல்லக்கூடிய விண்ணப்பமா?

நகர எல்லைக்குள்தான் என்றால் அடுத்த கேள்வி இது. அந்த ஸோனில் ஆர்வி பார்க் ஏற்கெனவே அனுமதிக்கப்பட்ட பயன்பாடு என்றால், விதிகளுக்குப் பொருந்தும் வரைபடத்தைக் கொடுத்தவருக்கு சிட்டி அனுமதி கொடுத்தே ஆக வேண்டும். அந்தக் கட்டத்தில் நீங்கள் நூறு பேரைத் திரட்டிப் போனாலும் கவுன்சிலுக்கு வழியில்லை. ஸோனை மாற்றச் சொல்கிறார்கள், அல்லது 'ஸ்பெசிஃபிக் யூஸ் பெர்மிட்' (அந்த ஒரு பயன்பாட்டுக்கு மட்டும் தனி அனுமதி) கேட்கிறார்கள் என்றால் கதை வேறு. அப்போது கவுன்சிலுக்கு மறுக்கவும் உரிமை உண்டு, நிபந்தனை போட்டுக் கொடுக்கவும் உரிமை உண்டு. எது என்று தெரியாவிட்டால் பிளானிங் டிபார்ட்மென்டுக்குப் போன் போட்டு, கடிதத்தில் இருக்கும் கேஸ் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். சின்ன நகரங்களில் பிளானரே போனை எடுப்பார், கேட்டால் பொறுமையாகச் சொல்வார்.

இன்னொரு விஷயமும் கேளுங்கள்: விண்ணப்பம் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது? டெக்சாஸ் லோக்கல் கவர்ன்மென்ட் கோடில் 245-ஆம் அத்தியாயம் சொல்வது, ஒரு திட்டத்துக்கு முதல் அனுமதி கேட்ட நாளில் என்ன விதி இருந்ததோ அதுதான் பெரும்பாலும் அந்தத் திட்டத்துக்குப் பொருந்தும் என்று. விண்ணப்பம் வந்த பிறகு பதறிக்கொண்டு புதிய ஆர்டினன்ஸ் (நகரச் சட்டம்) போட்டால் அது இந்தப் பார்க்கைத் தொடாமல் போகலாம். அதனால்தான், உங்கள் ஊரில் ஆர்வி பார்க்குக்கென்று தனி விதியே இல்லையென்றால், யாரும் விண்ணப்பிக்காத அமைதியான காலத்தில் அதை எழுதச் சொல்லிக் கவுன்சிலிடம் கேட்பது, விண்ணப்பம் வந்தபின் போராடுவதைவிட எவ்வளவோ பலன் தரும் என்கிறேன். ஏக்கருக்கு எத்தனை இடம், வேலியும் மரமும் எவ்வளவு தூரம், எத்தனை நாள் தங்கலாம், இரவு விளக்கு எப்படி, மேலாளர் அங்கேயே இருக்க வேண்டுமா, சூறாவளி வந்தால் ஒதுங்க இடம் உண்டா என்பதெல்லாம் அந்த ஆர்டினன்ஸில்தான் தீர்மானமாகும்.

பாக்கெட்டைப் படியுங்கள்

கூட்டத்துக்கு முன்னால் அஜெண்டாவும், அதோடு ஸ்டாஃப் ரிப்போர்ட், வரைபடம் எல்லாம் சேர்ந்த 'பாக்கெட்'டும் சிட்டி இணையதளத்தில் வரும். 2025 செப்டம்பர் முதல் டெக்சாஸில் கூட்ட அறிவிப்பை மூன்று வேலை நாளுக்கு முன்பே போட வேண்டும் (அதுவரை 72 மணி நேரம்தான் இருந்தது, திங்கள் கூட்டத்துக்கு வெள்ளிக்கிழமை மாலை போட்டுவிட்டால் வார இறுதி முழுக்க யாரையும் கேட்க வழியிருக்காது). பாக்கெட்டில் இல்லாத ஆவணம் வேண்டுமென்றால் பொதுத் தகவல் சட்டத்தின்கீழ் சிட்டி செக்ரட்டரிக்கு ஒரு மின்னஞ்சல் போதும். எதற்குக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் விசாரிக்கக்கூடாது. தாமதமில்லாமல் கொடுக்க வேண்டும், 10 வேலை நாளுக்குள் கொடுக்க முடியாவிட்டால் எப்போது கொடுப்பார்கள் என்று எழுதிச் சொல்ல வேண்டும். அதனால் கடிதம் வந்த அன்றே கேட்டுவிடுங்கள்.

பாக்கெட்டில் முதலில் தேட வேண்டியது வெள்ளம். ஃபீமா என்ற மத்தியப் பேரிடர் அமைப்பின் வெள்ள வரைபடம் இணையத்தில் இலவசம், முகவரி போட்டால் வரும். நிலம் 'ஏஇ' எனப்படும் வெள்ள அபாயம் அதிகமான ஸோனில் இருக்கிறதா, ஃப்ளட்வே எனப்படும் ஓட்டப் பாதையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கும் ஊர்களுக்கு மத்திய விதி இப்படிச் சொல்கிறது: வெள்ளப் பகுதியில் நிற்கும் ஆர்வி தொடர்ந்து 180 நாளுக்குக் குறைவாக நிற்க வேண்டும், அல்லது முறையான லைசென்ஸோடு எந்நேரமும் நெடுஞ்சாலையில் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் தரையிலிருந்து உயர்த்தி நங்கூரமிட வேண்டிய வீடுகளுக்கான விதிக்கு உட்பட வேண்டும். கிளம்பத் தயார் என்றால் சக்கரத்தின்மேலோ ஜாக்கியின்மேலோ நிற்க வேண்டும், குழாயும் ஒயரும் சட்டென்று கழற்றக்கூடியவையாக இருக்க வேண்டும், நிரந்தரமாக ஒட்டிக் கட்டிய வராந்தா, கூரை எதுவும் இருக்கக்கூடாது. கவனியுங்கள், இந்த விதி ஆற்றங்கரையில் பார்க்கே கூடாது என்று சொல்லவில்லை. இது குறைந்தபட்சம்தான், சிட்டி இதைவிடக் கடுமையாக வைக்கலாம்.

வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2025 ஜூலை 4 அதிகாலையில் குவாடலூப் ஆறு பொங்கியபோது கெர் கவுண்டியில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், கரையோர ஆர்வி பார்க்குகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்களையும் வண்டியோடு வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. 'கிளம்பத் தயாராக இருக்கும் வண்டி' என்பது காகிதத்தில்தான். இருட்டில், மழையில், குழந்தைகளை எழுப்பி, குழாயைக் கழற்றி, ட்ரக்கில் மாட்டி, ஒரே வாசல் வழியாக ஐம்பது வண்டியும் வெளியேற எவ்வளவு நேரம் ஆகும் என்று விண்ணப்பதாரரிடம் கேளுங்கள். சைரன் உண்டா, ராத்திரி யார் விழித்திருப்பார்கள், இரண்டாவது வெளியேறும் வழி எங்கே என்று கேளுங்கள். உங்கள் வீட்டு மதிப்புக்காகக் கேட்கிற கேள்வி இல்லை இது. அங்கே வந்து தங்கப்போகிறவர்களுக்கு அந்தக் கூட்டத்தில் குரல் கிடையாது, அவர்களுக்காகவும் யாராவது கேட்க வேண்டும்.

அடுத்து கழிவுநீர். சிட்டி சாக்கடையில் இணைக்கிறார்களா, தனியாகச் செப்டிக் போடுகிறார்களா? நாளுக்கு 5,000 கேலன் வரைதான் செப்டிக் விதிகளில் அடங்கும். அதைத் தாண்டினால் டிசிஇக்யூ என்று எல்லோரும் சொல்லும் மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையத்தின் பெர்மிட் வேண்டும், அதற்குத் தனி அறிவிப்பும் தனியாகக் கருத்துச் சொல்லும் காலமும் உண்டு. சிட்டி கவுன்சில் கதவு மூடிவிட்டாலும் இது திறந்திருக்கும் இன்னொரு கதவு.

தீயணைப்பு வண்டிக்கான பாதையையும் பாருங்கள். பெரும்பாலான நகரங்கள் பின்பற்றும் இன்டர்நேஷனல் ஃபயர் கோடின்படி அந்தப் பாதை தடையில்லாமல் 20 அடி அகலம், மேலே 13 அடி 6 அங்குல இடைவெளி வேண்டும், 150 அடிக்கு மேல் நீளும் முட்டுச்சந்து என்றால் வண்டி திரும்ப இடம் வேண்டும். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிடலாம். போக்குவரத்து, விளக்கு வெளிச்சம், வேலி இவையெல்லாம் மற்றவர்கள் பேசிவிடுவார்கள்.

200 அடி கணக்கு

ஸோனிங் மாற்றத்துக்கு, அந்த நிலத்திலிருந்து 200 அடிக்குள் சொத்து வைத்திருப்பவர்களுக்கு, கவுன்சிலுக்கு முன்னால் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் பிளானிங் அண்ட் ஸோனிங் கமிஷன் கூட்டத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே சிட்டி கடிதம் அனுப்ப வேண்டும். வரிப் பட்டியலில் இருக்கும் பெயருக்குத்தான் அது போகும் என்பதால் புதிதாக வாங்கியவர்களுக்கு வராமல் போவதும் உண்டு, வாடகைக்கு இருப்பவர்களுக்கு வராது. கவுன்சில் கூட்டத்துக்கு 15 நாள் முன்பு செய்தித்தாளில் அறிவிப்பு வரும். 200 அடிக்கு வெளியே இருந்தாலும் நீங்கள் பேசலாம், எழுதலாம். ஆனால் எழுத்துபூர்வ எதிர்ப்புக்குத் தனிப் பலம் ஒன்று 200 அடிக்காரர்களுக்கு மட்டும் இருக்கிறது.

அந்த வளையத்துக்குள் இருக்கும் நிலப்பரப்பில் 20 சதவீதத்துக்குச் சொந்தக்காரர்கள் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தால், மாற்றம் நிறைவேற மொத்த கவுன்சில் உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும். ஏழு பேர் கவுன்சில் என்றால் நாலுக்குப் பதில் ஆறு ஓட்டு. கவனிக்க வேண்டியது, இது நிலப்பரப்புக் கணக்கு, தலைக் கணக்கு இல்லை. தெருவும் சந்தும் கூடப் பரப்பில் சேரும். கால் ஏக்கர் வீட்டுக்காரர்கள் பத்துப் பேர் கையெழுத்தைவிடப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவரின் கையெழுத்து கனமாக இருக்கலாம், அதனால் முதலில் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பத்திரத்தில் கணவன் மனைவி இருவர் பெயரும் இருந்தால் இருவரும் கையெழுத்திடுவது பாதுகாப்பு. இணையத்தில் ஆயிரம் பேர் சேர்ந்த மனு இந்தக் கணக்கில் வராது. 2025-இல் வந்த சட்டத்திருத்தம், குடியிருப்புகளை அதிகரிக்கும் மாற்றங்களுக்கு இந்த 20 சதவீதத்தை 60 ஆக்கிவிட்டது. உங்கள் கேஸ் எந்தக் கணக்கில் வருகிறது என்று பிளானரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கூட்டத்துக்கு முன்னால்

கவுன்சில் உறுப்பினர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். எல்லோரையும் ஒரே அஞ்சலில் சேர்த்து அவர்கள் அதிலேயே விவாதிக்கத் தொடங்கினால், மூடிய கூட்டம் நடத்திய குற்றமாகிவிடும் அபாயம் உண்டு, அதனால் பதிலே வராது. தனியாக எழுதி, கேஸ் நம்பர் போட்டு, பத்து வரிக்குள் உங்கள் கோரிக்கையைச் சொல்லிவிட்டால் படிப்பார்கள். விண்ணப்பதாரரையும் கூப்பிட்டுப் பேசுங்கள். வேலியை உயரமாக்க, விளக்கைக் கீழ்நோக்கித் திருப்ப, வாசலைக் குறுந்தெருவிலிருந்து பெரிய சாலைப் பக்கம் மாற்ற அவர் கூட்டத்துக்கு முன்பே ஒத்துக்கொள்ளக்கூடும். கவுன்சிலும் அதைத்தான் விரும்பும்.

முதல் கூட்டம் பிளானிங் அண்ட் ஸோனிங் கமிஷனில். அவர்கள் பரிந்துரைதான் செய்வார்கள், முடிவு கவுன்சிலுடையது, அதனால் இதை விட்டுவிடலாம் என்று நினைப்பார்கள். விடாதீர்கள். நிபந்தனைகள் பெரும்பாலும் அந்த மேசையில்தான் வடிவம் பெறுகின்றன, கவுன்சிலுக்குப் போகும்போது வரைவு தயாராகியிருக்கும்.

அன்று மாலை

சீக்கிரம் போய் ஸ்பீக்கர் கார்டை நிரப்பிக் கொடுங்கள். கூட்டம் தொடங்கும் முன்பே பதிய வேண்டும் என்று சில ஊர்களில் விதி இருக்கும். வழக்கமாக மூன்று நிமிடம் கொடுப்பார்கள். பெயர், எங்கே இருக்கிறீர்கள், ஆதரவா எதிர்ப்பா நிபந்தனையோடு சம்மதமா, பிறகு ஒரே ஒரு விஷயம். ஆறு பேர் போகிறீர்கள் என்றால் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் வெள்ளம், ஒருவர் கழிவுநீர், ஒருவர் தீயணைப்புப் பாதை. "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால், சிட்டி அனுமதி கொடுத்துவிடும் பட்சத்தில் உங்கள் கையில் எதுவும் இருக்காது. "அனுமதிப்பதாக இருந்தால் இந்த ஐந்து நிபந்தனையைச் சேருங்கள்" என்று அச்சடித்த தாளை செக்ரட்டரியிடம் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். உறுப்பினர் ஒருவர் தீர்மானம் முன்மொழியும்போது அந்தத் தாளைப் பார்த்தே வாசிப்பார்.

அஜெண்டாவில் இல்லாத விஷயத்தை நீங்கள் எழுப்பினால் கவுன்சில் பேசாமல் உட்கார்ந்திருக்கும். புதிதாகப் போகிறவர்களுக்கு அது அவமதிப்பாகத் தெரியும். ஆனால் அறிவிக்காத விஷயத்தை விவாதிக்கச் சட்டம் அவர்களை அனுமதிப்பதில்லை: ஒரு தகவலைச் சொல்லலாம், இருக்கும் விதியைச் சொல்லலாம், அடுத்த கூட்டத்தில் வைக்கலாம், அவ்வளவுதான். அதனால் "இதை அடுத்த அஜெண்டாவில் வையுங்கள்" என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

அனுமதி கொடுத்த பிறகு

கையெழுத்தான ஆர்டினன்ஸின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கூட்டத்தில் வாய்மொழியாகச் சொன்ன வாக்குறுதி எது அதில் ஏறியிருக்கிறது, எது ஏறவில்லை என்று வரிவரியாகப் பாருங்கள். ஏறாததை யாரும் அமல்படுத்த மாட்டார்கள். பார்க் திறந்தபின் நிபந்தனை மீறப்பட்டால், இரண்டாவது வாசலைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், தீயணைப்புப் பாதையில் வண்டி நிறுத்துகிறார்கள் என்பது மாதிரி, தேதியும் படமும் ஆர்டினன்ஸ் எண்ணும் போட்டு, விதிமீறலைக் கவனிக்கும் சிட்டியின் கோட் என்ஃபோர்ஸ்மென்ட் பிரிவுக்கு எழுதுங்கள். போனில் சொன்னது பதிவாகாது. தொடர்ந்து மீறினால் பெர்மிட்டை மறுபரிசீலனை செய்யச் சொல்லி அஜெண்டாவில் வைக்கக் கேளுங்கள். பிளானிங் கமிஷனிலும் மற்றக் குழுக்களிலும் தன்னார்வலர் இடங்கள் அடிக்கடி காலியாகும், யாருக்குத் தகுதி என்பது ஊருக்கு ஊர் மாறும், விண்ணப்பப் படிவம் சிட்டி செக்ரட்டரியிடம் கிடைக்கும்.